அம்மா, சின்னண்ணா, பிறகு ஒரு சிலுவை

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து கதைத்தும் பழக்கமில்லை. கலியாணம் முடித்துக் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் ஒடுங்கின ஒழுங்கையில் பொதுக் குழாயடியில் என் வாளியைத் தள்ளிவிட்டு யாரும் தங்கள் வாளியை வைத்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் வந்து சட்டி பானையோடு சண்டை பிடிப்பேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள், கேட்ட கேள்விக்கு உடனே, தெளிவாக, இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருந்தேன். ஐந்தாம் மாடி. பேத்திக்குக் கலியாணம் சரிவந்து, கார்ட் அடித்து வந்திருந்தது. மருமகனின் தாய், என் சம்மந்தியம்மா, மேசையில் இருந்து உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு நல்ல கையெழுத்து. எனக்கு உறைக்குள் கார்டைப் போட்டு ஒட்டுகிற வேலை. அது எனக்குப் பிடித்த வேலைதான், கதைக்கத் தேவையில்லை.

மகளின் ஃபோனுக்கு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. எனக்குக் காது மந்தம் என்பதால் மகள் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"அம்மா, நான் ஊர்க் கோயில் கமிட்டியில இருந்து கதைக்கிறன். சண்டையில செத்த எங்கட ஆக்களின்ர பேரெல்லாம் கல்லில வெட்டிக் கோயில் முன்னுக்கு வைக்கப் போறம். வீடு வீடாப் போடுறம். தகப்பன்ர பேர் மேல, அந்த வீட்டில செத்தவை கீழ."

"நல்லது தம்பி" என்றேன்.

"பேரெல்லாம் ஒரு கொப்பியில இருந்துதான் எடுக்கிறம். அந்த நேரம் கோயிலடியில தாட்ட ஆக்களை ஒழுங்கா எழுதி வச்சிருக்கு. பேர், தகப்பன் பேர், எந்த மரத்தடி, எல்லாம் இருக்கு. ஒரு இடத்தில மட்டும் 'அம்மா' எண்டு இருக்கு. அதுக்குக் கீழ 'சின்னண்ணா'. வேற ஒண்டும் இல்லை. உங்கட தாயும் தமையனும் எண்டு ஊரில சொல்லுகினம். ஓமோ?"

அம்மாவும் சின்னண்ணாவும் ஒரே நாளில் ஷெல் விழுந்து செத்ததும், கோயில் வளவுக்குள்ளேயே குழி வெட்டித் தாட்டதும் எனக்கு முன்பே தெரியும். அவர்களை அப்படி எழுதி வைத்த கை எது என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

"ஓம் தம்பி. அம்மாவும் சின்னண்ணாவும்தான்."

"அப்ப கொப்பி எழுதினது உங்கட தங்கச்சிதான். அவவும் அங்கதான் செத்தவவாம், ஆனா கொப்பியில அவவின்ர பேர் இல்லை. புருஷன்காரனைக் கேட்டனாங்கள். 'அவளை அவளின்ர அப்பா வீட்டிலதான் போட வேணும், அதை அந்த வீட்டு ஆக்கள்தான் சொல்ல வேணும்' எண்டுறார். வேற கதை இல்லை. அவரைத் தெரியும்தானே அம்மா, குழி வெட்டுறவர். சொல்லுங்கோ, தங்கச்சியையும் உங்கட வீட்டில போடுறதோ?"

சம்மந்தியம்மாவின் பேனை நின்றது.

"உங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தவவோ? நீங்கள் மூண்டு பேர் எண்டெல்லோ சொன்னனீங்கள்" என்றார். பிறகு குரலை இறக்கி, "குழி வெட்டுறவர் எண்டா, அது ஆர்?" என்றார். பேத்தியின் கலியாணப் பேச்சுத் தொடங்கின நாளில் இதே மனுஷிதான், "எங்களுக்கு அந்த வித்தியாசம் பாக்கிற பழக்கமில்லை, ஆனா ஆர் எவர் எண்டு தெரிஞ்சிருக்க வேணும்" என்று சொன்னவர்.

மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண் கேட்டது எனக்கு விளங்கியது.

"இல்லை" என்றேன் ஃபோனைப் பார்த்து. "எனக்குத் தங்கச்சி இல்லை தம்பி."

"சரி அம்மா. அப்ப ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

"ஊர்ச்சனம் எப்பவும் இப்பிடித்தான்" என்றார் சம்மந்தியம்மா. "ஆரையாவது கொண்டுவந்து ஆரோடையாவது ஒட்டிப்போடும்." பிறகு அடுத்த உறையை எடுத்தார். நான் பசையை எடுத்தேன்.

எங்கள் ஊர் மன்னாருக்கு அங்கால் ஒரு கரையோரக் கிராமம். வேதக் கோயில் சின்னது. தகரக் கூரை, கடலைப் பார்த்த வாசல். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்க ஒரு நீளப் பலகை வாங்கு. எந்த வாங்கில் எந்த வீடு இருப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒருவர்கூட மாறி இருந்ததில்லை. எங்கள் அப்பா கோயில் மூப்பர் என்பதால் எங்கள் வாங்கு முன்னுக்கு. கடைசி வாங்குக்கும் பின்னால், கதவோரம், வெறும் சீமெந்துத் தரையில், செத்தவர்களுக்குச் சேமக்காலையில் குழி வெட்டுகிற குடும்பம் இருக்கும். அவர்களும் எங்களைப்போல ஞானஸ்நானம் எடுத்தவர்கள்தான். நன்மை, அதாவது நற்கருணை, வாங்கக் கடைசியாக வருவார்கள்.

நாங்கள் நாலு பிள்ளைகள். பெரியண்ணா, சின்னண்ணா, நான், தங்கச்சி. நான் கொழும்புக்கு வந்து சில வருஷம் கழித்து, மகளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பூசைக்கு மணி அடித்த பிறகு தங்கச்சி வந்தாள். நான் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து இருந்தேன். அவள் வாங்குக்குக் கிட்ட வந்து, அம்மாவை ஒருதரம் பார்த்து, அப்படியே திரும்பிப் போய்க் கதவோரம் தரையில், குழி வெட்டுகிறவரின் மகனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள். அதுதான் அவள் சொன்ன செய்தி. வேறு யாரும் யாருக்கும் எதையும் சொல்லத் தேவைப்படவில்லை. அப்பா பூசை முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் வாசலில் நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "எனக்குப் பிள்ளையள் மூண்டு" என்றார்.

அன்றைக்கு நான் விட்ட இடம் வாங்கில் காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தையை அதில் கிடத்தினேன்.

மூன்று என்று சொல்ல எனக்குக் கனநாள் எடுக்கவில்லை. கொழும்பில் யார் கேட்டாலும் மூன்று. தடைமுகாமில் ஆமிக்காரன் கேட்டாலும் மூன்று. வீட்டுக்காரரின் துறைமுகத்துச் சிநேகிதர்களுக்கும் மூன்று. பொய் சொல்கிறேன் என்றே தோன்றாத அளவுக்குப் பழகிவிட்டது.

தங்கச்சி ஒருமுறை கொழும்புக்கு வந்தாள். அவளுக்கு வயிற்றில் ஏதோ வருத்தம், பெரியாஸ்பத்திரியில் காட்ட வந்திருந்தார்கள். விலாசத்தை விசாரித்து எங்கள் ஒழுங்கைக்கு வந்து நின்றாள், பின்னால் புருஷன். நான் அவளை உள்ளே கூப்பிட்டேன். அவரை வேண்டாமென்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் படியில் இருந்துகொண்டார். "தண்ணி இருந்தாக் கொஞ்சம் தாங்கோ அம்மா" என்றார். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோதான் குறைவு. மச்சாள் என்று கூப்பிட வேண்டிய முறை. நான் திருத்தவில்லை. பிடி உடைந்த கோப்பை ஒன்று பின்னுக்குக் கிடந்தது, அதில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். தங்கச்சிக்கு நல்ல கோப்பையில் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். தன் கோப்பையைத் தொடவில்லை. அவர் குடித்து வைத்த பிறகு அந்தப் பிடி உடைந்த கோப்பையை எடுத்து வந்து, "இதில ஊத்தக்கா" என்றாள்.

அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. நான் ஊற்றினேன்.

அப்பா சண்டை முற்றுவதற்கு முந்தியே கட்டிலில் கிடந்து, பாவசங்கீர்த்தனம் செய்து, நல்லபடியாகச் செத்தார். குழி வெட்டுகிறவரின் மகனை அவர் ஒருநாளும் முற்றத்துக்குள் விடவில்லை. பிறகு கடைசிச் சண்டை தொடங்கி, சனமெல்லாம் கோயிலுக்குள் வந்து ஒதுங்கி, கோயிலுக்கு மேலும் ஷெல் விழுந்தபோது, அப்பாவின் மனைவியையும் மகனையும் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தாட்டது அந்த மனிதன்தான். தங்கச்சி பக்கத்தில் நின்று கொப்பியில் எழுதியிருக்கிறாள். பிள்ளையில்லாத அவர்கள் இரண்டு பேரும், ஓட வழியிருந்தும் ஓடாமல், செத்தவர்களுக்காக அங்கே நின்றிருக்கிறார்கள். சனம் எல்லாம் இடம்பெயர்ந்து போன கடைசி நாளுக்கு முதல் நாள் தங்கச்சியும் செத்தாள். கொப்பியைத் தவிர மற்றதெல்லாம் அப்போதே முகாமிலிருந்து வந்த ஊர் மனுஷி ஒருத்தி எனக்குச் சொன்னாள். நான் கேட்டுவிட்டு உலையில் அரிசி போட்டேன். அழுதால் யாருக்கென்று வீட்டில் கேட்பார்கள்.

ஃபோனில் அந்தப் பதிலைச் சொன்னது பெரிய வெள்ளிக்குக் கொஞ்சம் முதல். பெரிய வெள்ளியில் ஆண்டவரின் பாடுகளின் வாசகம் படிக்கிறபோது, சீடர் 'அவரைத் தெரியாது' என்று மூன்று தரம் சொல்லி, சேவல் கூவுகிற இடம் வரும். அந்த வருஷம் அந்த இடத்தில் நான் கீழே விழுந்த செபமாலையைத் தேடுகிறவளைப்போலக் குனிந்துகொண்டேன்.

மகளிடம் சொன்னேன். "அந்தத் தம்பிக்கு ஃபோன் எடுத்துத் தா பிள்ளை. சித்தியின்ர பேரையும் போடச் சொல்ல வேணும்."

"கலியாணம் முடியட்டும் அம்மா."

கலியாணம் முடிந்தது. நல்ல கலியாணம். பிறகு கேட்டேன்.

"இப்பதானே முடிஞ்சிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்? கொஞ்சம் பொறுங்கோ. செத்தவவுக்கு என்ன அவசரம்?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்கு மூன்று என்று சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

அதனால் நானே கடிதம் எழுதினேன். நாலு தாள் கிழித்துப் போட்டு ஐந்தாவதில் மூன்று வரி. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். நான் இல்லை என்று சொன்னது பொய். அவளை எங்கள் அப்பா வீட்டில், அம்மாவுக்குக் கீழே போடவும். அவ்வளவுதான். பங்குச்சாமிக்கு ஒன்று, கனடாவில் இருக்கிற பெரியண்ணாவுக்கு ஒன்று அனுப்ப வேண்டும் என்று சந்தியில் இருக்கிற ஃபோட்டோக் கொப்பிக் கடைக்குக் கொண்டு போனேன்.

"கீயக் ஓனத அம்மே?" என்று கடைக்காரன் சிங்களத்தில், எத்தனை வேண்டும் என்று கேட்டான்.

"எக்காய் மல்லி, ஒண்டு காணும் தம்பி" என்றேன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் அந்தக் கடைக்குப் போயிருக்க மாட்டேன்.

பெரியண்ணா ஃபோன் எடுத்தார். வருஷத்துக்கு ஒருமுறை மார்கழியில் நத்தாருக்கு எடுக்கிறவர், அன்றைக்கு மாம்பழக் காலத்தில் எடுத்தார்.

"உனக்கு இந்த வயசில ஏன் இந்த வேலை? அப்பா சொன்னது சொன்னதுதான். அந்தக் கல்லுக்கு உதவி செய்யிறதும் நான்தான். என்ர வீட்டில ஆரைப் போடுறது எண்டு எனக்குத் தெரியும்."

"அம்மாவைத் தாட்டது அவளும் அந்த மனுஷனும்தான் அண்ணா."

"அதுக்கு?"

கடல் கடந்து போய் நாற்பது வருஷம், பனிக்குள் கார் ஓட்டுகிற மனுஷன், அப்பாவின் வாங்கை முதுகில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

பங்குச்சாமி நல்ல மனுஷன், மெதுவாகக் கதைக்கிறவர். "உங்கட கடிதம் கிடைச்சுது அம்மா. மூத்த ஆம்பிளைப் பிள்ளை வேண்டாம் எண்டு நிக்கிறார். கல்லால ஒரு குடும்பத்துக்குள்ள சண்டை வரக்கூடாது. வெட்டி முடியிற தறுவாய் வேற. நான் பூசையில நினைச்சுக்கொள்ளுறன்" என்றார். நல்ல மனுஷர்கள் இப்படித்தான் வேண்டாம் என்பார்கள். "சரி சாமி, தோத்திரம்" என்று சொல்லி வைத்தேன்.

சாமி கல்லை மந்திரித்து ஆசீர்வதிக்கிற நாளுக்குப் பெரியண்ணா கனடாவிலிருந்து வந்தார். வெள்ளவத்தையில் வான் பிடித்து, அவர் முன்னுக்கும், அண்ணியும் நானும் பின்னுக்குமாகப் போனோம். மகளுக்கு லீவு இல்லையாம். வழி முழுக்க அண்ணி டொபி தந்துகொண்டே இருந்தார். எதற்குப் போகிறோம் என்பதை மறந்துவிட்டவரைப்போல, "இஞ்ச எல்லாம் நல்லா முன்னேறியிருக்கு, என்ன?" என்று பெரியண்ணாவைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

கோயிலைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஓட்டுக் கூரை, ஃபேன், ஒரே மாதிரியான பிளாஸ்டிக் கதிரைகள். வாங்கு ஒன்றும் இல்லை. ஆனால் யார் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்று நான் பார்த்தேன். குழி வெட்டுகிற மச்சான் கதவோரம் நின்றார். கதிரை காலியாகத்தான் இருந்தது.

கல் கறுப்பு, முகம் தெரிகிற மினுக்கம். உச்சியில் ஒரு சிலுவை. 'எமது பங்கில் இறைபதம் அடைந்தோர்' என்று பொன் எழுத்து. சண்டை என்ற சொல்லே கிடையாது. வாசிக்கிறவர்கள் ஊரில் ஒரு காய்ச்சல் வந்து எல்லாரையும் கொண்டுபோனது என்று நினைப்பார்கள். அப்படித்தான் எழுதலாம் என்று ஆமிக்காரர் சொல்லியிருக்கிறார்களாம். அதைச் சொன்னவர்களில் இரண்டு பேர் வேப்பமரத்தடியில் சாதாரண சட்டையோடு நின்று, பெயர்களையும் வந்தவர்களையும் ஃபோனில் படம் பிடித்தார்கள்.

எங்கள் வீடு மேலேயிருந்து இரண்டாவது. அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில். கீழே அம்மா, சின்னண்ணா. கொப்பியில் இருந்த மாதிரி இல்லை, முழுப்பெயரோடு. எல்லா வீடும் முடிகிற இடத்தில், கடைசியாக, குழி வெட்டுகிற வீடு. அதற்கும் கீழே 'உதவியோர்' என்று ஒரு தலைப்பு, அதிலே முதல் பெயர் பெரியண்ணாவுடையது. அவர் கறுப்புக் கண்ணாடியோடு எனக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து, தன்னுடைய பெயரை விரலால் துடைத்துவிட்டுப் படம் எடுத்தார்.

சாமி வீடு வீடாகப் பெயர் வாசிக்க, அந்தந்த வீட்டார் மெழுகுதிரி கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பெரியண்ணா ஒன்று, நான் ஒன்று. என் கையில் இன்னொரு திரி இருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து கைப்பையில் வைத்துக் கொண்டுபோனது. மூன்றாவதாக அதையும் வைப்பேன், யாரும் கேட்டால் சொல்வேன் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போயிருந்தேன். முறை வந்தது. ஒன்றை வைத்தேன். கைப்பையைத் திறந்தேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பிறகு பந்தல் போட்டுச் சாப்பாடு. நான் பிளேட்டை எடுக்காமல் பழைய கிணற்றுப் பக்கம் போனேன். மச்சான் அங்கே நின்றார். நன்றாக நரைத்து, ஒரு கால் இழுத்து. கையில் ஒரு சொப்பின் பை.

"சுகமா இருக்கிறீங்களோ அம்மா?" என்றார்.

"நான் உங்களுக்குப் பெரிய குற்றம் செய்துபோட்டன்" என்றேன்.

"கமிட்டித் தம்பி சொன்னவன், நீங்கள் ஃபோனில சொன்னதை" என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. "கமிட்டிக்காறர் என்ர வீட்டில போடுறம் எண்டுதான் கேட்டவை. நான்தான் வேண்டாம் எண்டனான். அவள் சாகேக்க ஒண்டுதான் கேட்டவள், அம்மாவுக்குப் பக்கத்தில எண்டு. பக்கத்திலதான் தாட்டனான். கல்லிலயும் பக்கத்தில வரட்டும் எண்டு நினைச்சன். அப்பா வீட்டில போடச் சொல்லி நான் எப்பிடிச் சொல்லுறது? அது நீங்கள் சொல்ல வேண்டியது. நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சனான்."

பையிலிருந்து கொப்பியை எடுத்தார். மட்டை இல்லை. தண்ணீர் பட்டுக் காய்ந்து தாள்கள் முறுகியிருந்தன. தங்கச்சியின் எழுத்து. நானும் அவளும் அந்தக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒரே சிலேற்றில் எழுதிப் பழகினவர்கள். அவளுடைய 'ம' என்னுடைய 'ம' போலவே வால் நீண்டிருக்கும். பக்கம் பக்கமாகப் பெயர், தகப்பன் பெயர், பூவரசடி, கிணற்றடி, மதில் ஓரம். பிறகு 'அம்மா'. 'சின்னண்ணா'. அந்த இரண்டுக்கும் மரம்கூட எழுதவில்லை. மறந்துபோகிற இடமில்லையே. அதற்குக் கீழே இன்னும் ஏழு பேர். ஏழாவது பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு சிலுவை. அழுத்திக் கீறித் தாள் கிழிந்திருந்தது.

"இது அவள்" என்றார். "எனக்கு எழுதத் தெரியாது. சேமக்காலையில பலகையில கீறுறதைத்தான் கீறினனான். கமிட்டிக்காறர் பாத்திட்டு, 'இத்தோட முடிஞ்சுது எண்டு குருசு போட்டிருக்கு' எண்டு சொல்லிச்சினம்."

"நீங்கள் சொல்லேல்லையோ?"

"என்னைக் கேக்கேல்லை."

பையில் ஒரு பேனையும் வைத்திருந்தார். அன்றைக்குப் புதிதாக வாங்கினது, மூடிகூடத் திறக்கவில்லை. "நீங்கள் எழுதப் படிச்சனீங்கள்தானே. அவளை இதிலயாவது எழுதிவிடுங்கோ" என்றார்.

கிணற்றுக் கட்டில் கொப்பியை வைத்தேன். சிலுவைக்குப் பக்கத்தில், அவள் அம்மா என்றும் சின்னண்ணா என்றும் எழுதின மாதிரியே, நானும் 'தங்கச்சி' என்று எழுதினேன். எழுதினதும் எனக்கு அழுகை வந்தது. ஃபோனில் சொன்னதற்கு ஒரு பதில் செய்துவிட்டேன் என்று ஒரு ஆறுதலும் வந்தது.

"வாசியுங்கோ" என்றார்.

"தங்கச்சி எண்டு எழுதினனான்."

அவர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது உங்களுக்கு" என்றார். "பேர் எழுதுங்கோ அம்மா. அப்பான்ர பேரோட."

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் கேட்டது அவளுடைய பெயரை. நான் எழுதினது என்னுடைய துக்கத்தை.

அடுத்த வரியில், சிலேற்றில் எழுதுகிற மாதிரி எழுத்தெழுத்தாக, முழுப்பெயரையும் எழுதினேன். முன்னால் அப்பாவின் பெயர். பக்கத்தில், அம்மாவுக்குப் பக்கம் என்று.

"இப்ப வாசியுங்கோ. கொஞ்சம் சத்தமா."

அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தால்தான் எழுதினதா இல்லையா என்று தெரியும். நான் வாசித்தேன். சத்தம் காணாது என்று தலையாட்டினார். திரும்பவும் வாசித்தேன். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, அப்பாவின் பெயரையும் அவளுடைய பெயரையும் சேர்த்து வாசித்தேன். ஒரு நிமிஷம் பந்தல் அடங்கியது. பிறகு யாரோ, "இஞ்சால கொஞ்சம் குழம்பு விடுங்கோ" என்றார்கள். சத்தம் பழையபடி வந்துவிட்டது.

பெரியண்ணா பந்தலிலிருந்து எழும்பி வந்தார். "வான் வெளிக்கிடுது. அவனோட உனக்கென்ன கதை?"

மச்சான் பேனையை மூடி, கொப்பியைப் பையில் போட்டுச் சுற்றி, கையிடுக்கில், கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார். "போட்டு வாங்கோ அம்மா" என்றார். அப்போதும் அம்மாதான். கைப்பையில் கிடந்த திரியை அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வானில் அண்ணி மறுபடியும் டொபி தந்தார்.

இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, டைப் பண்ணித் தரச்சொல்லி மகளிடம் கொடுத்தேன். எல்லாருடைய பெயரையும் எழுதியிருந்தேன், ஊரின் பெயர்கூட. அவள் இரண்டு நாள் வைத்திருந்து வாசித்தாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரர் பேப்பர், புத்தகம் எல்லாம் வாசிக்கிற ஆக்கள் அம்மா. பிள்ளை அந்த வீட்டில வாழ வேணும்" என்று சொல்லி, சிவப்புப் பேனையால் ஒவ்வொரு பெயராக வெட்டினாள். கோயில், ஊர், பெரியண்ணா, சம்மந்தியம்மா, நான். வெட்டட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

"சித்தியின்ர பேரை மட்டும் விடு பிள்ளை" என்றேன்.

"அதை விட்டா எல்லாம் தெரிஞ்சுபோகும் அம்மா" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். கிணற்றடியில் நான் சத்தமாக வாசித்த இடத்தில் அவளுடைய பெயரை முழுதாக எழுதியிருந்தேன். இப்போது அந்த இடத்தில் 'அவளுடைய பெயர்' என்று இருக்கிறது.